வளர்வதை நிறுத்தும் புரதங்கள்

பூஞ்சை இழையை நுண்ணோக்கியில் பார்க்கிறவர்கள் கடைசியில் நுனிக்குத்தான் வந்து சேர்வார்கள். பின்னால் இருப்பது நீளமான ஒரு குழாய். அது கிளை விடலாம், ஆனால் நீளாது. நீள்வது முழுக்க நுனியின் சில மைக்ரோமீட்டர் இடத்துக்குள்தான் நடக்கிறது. நியூரோஸ்போரா கிராசா என்ற பூஞ்சை, உணவும் வெதுவெதுப்பும் சரியாக அமைந்தால் மணிக்கு 4 மில்லிமீட்டர் வரை ஓடும். அதாவது விநாடிக்கு ஒரு மைக்ரோமீட்டருக்குச் சற்று மேல். முன்னால் ஓடும் இழையின் குறுக்களவே பத்துப் பதினைந்து மைக்ரோமீட்டர்தான் என்பதால், கால் நிமிடத்துக்குள் தன் அகலத்துக்குச் சமமான தூரம் போய்விடுகிறது. உருப்பெருக்கம் அதிகமாக இருந்தால் தட்டை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நுனி பார்வையை விட்டு வெளியே போய்விடும்.

இவ்வளவு வேகமாக வளரத் தெரிந்த ஓர் உயிர், வளர்வதை எப்படி நிறுத்துகிறது? பூஞ்சைகளோடு வேலை பார்க்கத் தொடங்கிய நாளிலிருந்து என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் கேள்வி இது. பாடப்புத்தகங்களில் வளர்ச்சி ஓர் அத்தியாயம், இனப்பெருக்கம் வேறோர் அத்தியாயம். இழைக்குள் அப்படி ஒரு கோடு கிடையாது. அங்கே இரண்டையும் ஒரே புரதங்கள் நடத்துகின்றன, பெரும்பாலும் ஒன்றை நிறுத்தித்தான் மற்றொன்றைத் தொடங்குகின்றன. அதைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன். ஆனால் நிற்பதைப் பற்றிப் பேச, முதலில் ஓடுவதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

வளரும் நுனிக்குள் ஒரு கரும்புள்ளி தெரியும். ஸ்பிட்சன்கார்ப்பர் என்று பெயர். 1924-இல் புரூன்ஸ்விக் என்பவர் சாயமேற்றிய இழைகளில் அதைப் பார்த்தார். 1957-இல் கிர்பார்ட் அதை உயிருள்ள இழையிலேயே பார்த்துக் காட்டினார். இழை வளரும்போது புள்ளி இருக்கிறது, வளர்ச்சி நின்றால் மறைகிறது, இழை திரும்புவதற்கு முன்பே புள்ளி அந்தப் பக்கம் நகர்ந்துவிடுகிறது. அந்தப் புள்ளி ஒரு தனி உறுப்பு இல்லை. ஆயிரக்கணக்கான நுண்பைகள் வந்து குவிந்து, அங்கிருந்து செல்சவ்வுக்குப் போய் ஒட்டுகிற இடம் அது. நியூரோஸ்போராவில் இந்தக் குவியலுக்குள் ஓர் ஒழுங்கும் இருக்கிறது. நடுவில் இருக்கும் சின்னப் பைகள் கைட்டின் சிந்தேஸ் நொதியைச் சுமக்கின்றன, சுற்றிலும் இருக்கும் பெரிய பைகள் குளூக்கன் சிந்தேஸைச் சார்ந்த புரதங்களைச் சுமக்கின்றன. செல்சுவரின் இரண்டு முக்கிய இழைப்பொருள்களையும் நெய்கிற நொதிகள் ஒரே புள்ளிக்குள் தனித்தனி வட்டங்களில் நிற்கின்றன என்பதை ஒளிரும் புரதம் ஒட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்துகொண்டோம்.

இந்தப் பைகள் தாமாக மிதந்து வருவதில்லை. நீண்ட தூரத்துக்கு, செல்லுக்குள் தண்டவாளம் போல ஓடும் நுண்குழல்கள் மேல் கைனசின் புரதங்கள் இழுத்து வருகின்றன. நுனிக்கு அருகில் வந்ததும் ஆக்டின் என்ற புரத இழைகள் மேல் மயோசின்-5 என்ற இன்னொரு இழுக்கும் புரதம் எடுத்துக்கொள்கிறது. அந்த ஆக்டின் இழைகளை நுனியில் கட்டித் தருவது ஃபார்மின் என்ற புரதம். எந்த இடம் நுனி என்று குறித்து வைப்பதற்கும் புரதங்கள் உண்டு. ஆஸ்பர்ஜில்லஸ் நிடுலன்ஸ் பூஞ்சையில் டீ-ஏ என்ற புரதம் நுண்குழலின் வளரும் முனையில் ஏறி நுனிக்கு வந்து சேர்கிறது, சவ்வில் பதிந்திருக்கும் டீ-ஆர் என்ற புரதம் அதைப் பிடித்து வைக்கிறது. டீ-ஏ இல்லாத திரிபிலும், அதாவது அதன் மரபணு மாறிப்போன வகையிலும், இழை வளரத்தான் செய்யும். நேராகப் போகத் தெரியாது, கோணல் கோணலாக வளைந்து வளைந்து போகும். வேகம் ஒரு விஷயம், திசை வேறொரு விஷயம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் படம் நான் பார்த்ததில்லை.

நுனியில் எப்போதும் ஓர் ஆபத்தும் இருக்கிறது. சுவரை நெய்யும் வேகமும் உள்ளிருந்து தள்ளும் அழுத்தமும் ஒத்துப்போக வேண்டும். சுவர் பின்தங்கினால் நுனி வெடித்துவிடும். 2001-இல் மருத்துவப் பயன்பாட்டுக்கு வந்த காஸ்போஃபங்கின் என்ற மருந்து குளூக்கன் சிந்தேஸைத் தடுக்கிறது. ஆஸ்பர்ஜில்லஸ் இழைக்கு அதைக் கொடுத்தால் பழைய பகுதிகள் அப்படியே இருக்க, வளரும் நுனிகள்தான் முதலில் உடைகின்றன. எங்கே வளர்ச்சி நடக்கிறதோ அங்கேதான் பலவீனமும் இருக்கிறது.

உடைந்தால் என்ன ஆகும் என்பதும் முக்கியம். ஏனென்றால் இழைக்குள் குறுக்குச்சுவர்கள் இருந்தாலும் அவற்றின் நடுவே துளை இருக்கிறது. செல்திரவம், ஏன் உட்கருக்கள்கூட அந்தத் துளை வழியாகப் போய்வரும். ஓர் இடத்தில் ஓட்டை விழுந்தால் முழு வலையும் ஒழுகிப்போக வேண்டியதுதான். அப்படி ஆவதில்லை. 1864-இல் வோரோனின் என்ற ரஷ்ய ஆய்வாளர் குறுக்குச்சுவர்களுக்குப் பக்கத்தில் சில சின்ன மணிகளைப் பார்த்துக் குறித்து வைத்தார். அவை எதனால் ஆனவை என்பது நியூரோஸ்போராவில் 2000-இல்தான் தெரிந்தது. ஹெக்ஸ்-1 என்ற ஒரே புரதம் தன்னோடு தானே அடுக்கிக்கொண்டு அறுகோணப் படிகமாகிறது. இழை உடைந்ததும் திரவம் பீறிடும் வேகத்தில் அந்தப் படிகம் துளையில் போய் இறுகி அடைத்துக்கொள்கிறது. ஹெக்ஸ்-1 இல்லாத திரிபில் ஓர் இழையை வெட்டினால் உள்ளே இருப்பது கொட்டிக்கொண்டே இருக்கும். இந்தப் புரதத்துக்கான செய்தி ஆர்என்ஏ வளரும் நுனிப் பகுதியில்தான் அதிகமாகச் சேர்கிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த தகவல். அடைப்பான் நுனியிலேயே தயாராகிவிடுகிறது, இழை முன்னால் ஓட ஓட, பின்னால் உருவாகும் ஒவ்வொரு அறையிலும் தங்கிவிடுகிறது.

சரி, இப்போது நிறுத்துவதற்கு வருவோம்.

ஆஸ்பர்ஜில்லஸ் நிடுலன்ஸை எடுத்துக்கொள்கிறேன், இந்தக் கேள்விக்கு அதுதான் மிகப் பொறுமையாகப் பதில் சொல்லிய பூஞ்சை. வித்திலிருந்து (பூஞ்சை பரவ உதவும் நுண்ணிய ஸ்போர்) முளைத்த பிறகு ஏறக்குறைய 18 முதல் 20 மணி நேரம் வரை அதற்கு வித்து உண்டாக்கும் தகுதியே வருவதில்லை. என்ன தூண்டினாலும் வளர மட்டும்தான் செய்யும். தகுதி வந்த பிறகும் திரவத்துக்குள் மூழ்கி இருக்கும்வரை பொதுவாக வளர்ந்துகொண்டேதான் இருக்கும். காற்றோடு தொடர்பு கிடைத்ததும்தான் வித்துத் தாங்கிகள் எழும்பத் தொடங்கும். காலனி வெள்ளையாக இருந்து பச்சையாக மாறுவது அப்போதுதான்.

சில திரிபுகள் பச்சையாக மாறுவதே இல்லை. அவற்றைத் தட்டில் பார்த்தால் மறக்க முடியாது. பஞ்சு போல உப்பிய வெள்ளைக் காலனி, தட்டின் மூடியைத் தொடும் அளவுக்கு எழும்பி நிற்கும். பார்ப்பவர்களுக்கு இது நன்றாக வளர்கிற, ஆரோக்கியமான பூஞ்சை என்றுதான் தோன்றும். எஃப்எல்பி-ஏ என்ற புரதம் இல்லாத திரிபில் இன்னும் சில நாள் காத்திருந்தால் நடுவிலிருந்து ஏதோ கரைவது தெரியும். பஞ்சு அமுங்கி, ஈரமாகி, இழைகள் தம்மைத் தாமே செரித்துக்கொண்டு காலனியின் நடு காணாமல் போகும். ஓரம் அப்போதும் வெளியே ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஒரு வித்துகூட விடாமல் வளர்ந்து, பின்னாலிருந்து அழிந்துகொண்டே போகும்.

எஃப்எல்பி-ஏ என்ன செய்கிறது என்பது 1990-களில் தெளிவானது. இழையின் சவ்வுக்கு உட்பக்கம் ஃபேட்-ஏ என்ற ஜி-புரதம் இருக்கிறது. ஜிடிபி என்ற மூலக்கூறைப் பிடித்திருக்கும்போது அது செயல்நிலையில் இருக்கும், அப்போது 'வளர்' என்ற கட்டளை உள்ளே போய்க்கொண்டே இருக்கும். ஜிடிபி உடைந்தால் கட்டளை நிற்கும். அந்த உடைப்பைத் துரிதப்படுத்துவதுதான் எஃப்எல்பி-ஏயின் வேலை. வேறு எதையும் அது கட்டுவதில்லை, நெய்வதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் வண்டிக்கு பிரேக் எப்படியோ, இழைக்கு எஃப்எல்பி-ஏ அப்படி. இதை உறுதிப்படுத்த ஆய்வாளர்கள் எதிர்ப்பக்கமிருந்தும் வந்தார்கள். எஃப்எல்பி-ஏயைத் தொடாமல், ஃபேட்-ஏயில் ஒரே ஓர் அமினோ அமிலத்தை மாற்றி அது எப்போதும் செயல்நிலையிலேயே இருக்கும்படி செய்தார்கள். அதே வெள்ளைப் பஞ்சு, அதே கரைதல். ஃபேட்-ஏயை அடக்கும் வேறொரு மாற்றம் செய்தபோது, எஃப்எல்பி-ஏ இல்லாமலேயே வித்துகள் வந்தன, வளர்ச்சி குறைந்தது.

இந்தச் சோதனைகளின் முடிவைப் பலர் 'வித்து உண்டாக எஃப்எல்பி-ஏ தேவை' என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். அது தவறில்லை, ஆனால் அழுத்தம் மாறிப்போகிறது. வளர்ச்சிதான் அந்த இழையின் இயல்பான ஓட்டம். அதை நிறுத்த ஒரு புரதம் விடாமல் வேலை செய்தாக வேண்டும். நிறுத்தம் என்பது களைப்பினால் வருவதில்லை, உணவு தீர்ந்து தானாக வருவதும் இல்லை, அது செய்யப்படுகிற ஒரு செயல். இனப்பெருக்கத்தின் முதல் படி அந்தச் செயல்தான்.

பிரேக்கை எப்போது மிதிப்பது என்று யார் சொல்வது? அங்கே ஃப்ளூ-ஜி என்ற இன்னொரு புரதம் வருகிறது. அது இல்லாத திரிபும் வெள்ளைப் பஞ்சுதான். ஆனால் அதற்குப் பக்கத்தில் இயல்பான பூஞ்சையை வளர்த்தால், இரண்டும் சந்திக்கும் எல்லையில் திரிபும் வித்து விடத் தொடங்குகிறது. நடுவில் சின்ன மூலக்கூறுகளை மட்டும் விடும் ஒரு சவ்வை வைத்துப் பிரித்தாலும் அதே முடிவு. அதாவது ஃப்ளூ-ஜி உள்ளே ஏதோ ஒன்றைச் செய்ய, அது வெளியே கசிந்து, போதிய அளவு சேர்ந்ததும் 'இனி போதும்' என்ற செய்தியாகிறது. இது 1994-இல் வெளிவந்த வேலை. அந்தச் செய்தி மூலக்கூறு எது என்பதற்கு 2012-இல் விடை வந்தது. டீஹைட்ரோஆஸ்டினால், டையோர்சினால் என்ற இரண்டு சேர்மங்கள் ஒன்றாகச் சேர்ந்து வேலை செய்கின்றன. பூஞ்சை தன் சுற்றுப்புறத்தில் தான் கசியவிட்டதையே அளந்து பார்த்து முடிவெடுக்கிறது.

நிறுத்தச் சொல்லியாகிவிட்டது. அடுத்தது கட்ட வேண்டும். 1969-இல் ஜான் கிளட்டர்பக் வித்துத் தாங்கி கோணலாக வரும் திரிபுகளைச் சேர்த்து ஒழுங்குபடுத்தினார். ஒன்றில் தாங்கியின் தண்டு நீண்டுகொண்டே போய் முனையில் தலை வீங்குவதே இல்லை. இன்னொன்றில் தலை வருகிறது, வித்து உண்டாக்கும் செல்களும் வருகின்றன, ஆனால் வித்துகளுக்குப் பதில் மணி மணியாகக் கோத்த தண்டுகள் வளர்கின்றன. மூன்றாவதில் வித்துகள் வருகின்றன, ஆனால் பச்சை நிறம் ஏறாமல் வெளுத்து, நீராகக் கரைகின்றன. இந்த மூன்று மரபணுக்களின் புரதங்கள்தான் பிஆர்எல்-ஏ, ஏபிஏ-ஏ, வெட்-ஏ. ஒன்றை அடுத்து ஒன்று இயங்குகின்றன. பிஆர்எல்-ஏ டிஎன்ஏயில் உட்கார்ந்து ஏபிஏ-ஏயை எழுப்புகிறது, ஏபிஏ-ஏ திரும்பிப் பிஆர்எல்-ஏயையும் பலப்படுத்தி, வெட்-ஏயையும் எழுப்புகிறது.

இதில் பிஆர்எல்-ஏயைப் பற்றிய ஒரு சோதனையை நான் யாரிடம் பேசினாலும் சொல்வேன். 1988-இல் ஆடம்ஸ், பாய்லன், டிம்பர்லேக் மூவரும் அந்த மரபணுவை வேறொரு விசைக்குக் (சுவிட்சுக்கு) கீழே பொருத்தினார்கள். குறிப்பிட்ட உணவைக் கொடுத்தால் மட்டும் இயங்கும் விசை அது. பூஞ்சையைத் திரவத்தில், மூழ்கிய நிலையில், வித்து விட எந்தக் காரணமும் இல்லாத சூழலில் வளர்த்துவிட்டு, உணவை மாற்றினார்கள். ஓடிக்கொண்டிருந்த இழை நுனிகள் நின்றன. நின்ற இடத்திலேயே உருமாறி, நுனியிலேயே வித்துகளை உண்டாக்கின. தண்டும் இல்லை, தலையும் இல்லை, காற்றும் இல்லை. ஒரே ஒரு புரதம் போதிய அளவு இருந்ததே போதுமானதாக இருந்தது.

இந்த மாதிரித் திரிபை நுண்ணோக்கியில் தொடர்ந்து பார்த்தால் தெரிவது ஓர் ஆச்சரியமான விஷயம். நுனி சாகவில்லை. நீள்வதற்குப் பயன்பட்ட அதே கருவிகள், அதே நுண்பைகள், அதே கைட்டின் சிந்தேஸ்கள் எல்லாம் இன்னும் இருக்கின்றன. தொடர்ச்சியாக நீள்வதற்குப் பதிலாக, கொஞ்சம் உப்பி, கழுத்து இறுகி, சுவர் போட்டு, ஒன்றைத் தள்ளிவிட்டு அடுத்ததைத் தொடங்குகிறது. வளர்ச்சிக்கான இயந்திரமே வேறு தாளத்தில் ஓடி வித்துகளைத் தருகிறது. இனப்பெருக்கத்துக்கென்று தனியாக ஒரு தொழிற்சாலையைப் பூஞ்சை கட்டுவதே இல்லை.

வித்து விடுவதற்கு முன்னால் இழை நீரை விட்டுக் காற்றுக்குள் எழும்ப வேண்டும் என்று மேலே சொன்னேன். போகிறபோக்கில் சொல்லிவிட்டேன், ஆனால் அந்த அளவில் அது லேசான காரியம் இல்லை. சில மைக்ரோமீட்டர் அகலமுள்ள இழைக்கு நீரின் பரப்பு இழுவிசை ஒரு சுவர். அதைக் கடக்க ஹைட்ரோஃபோபின் என்ற சிறிய புரதங்கள் உதவுகின்றன. நூறு அமினோ அமிலங்களை ஒட்டிய நீளம், அதில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் எட்டு, ஒரு குறிப்பிட்ட வரிசையில். சைசோஃபில்லம் கம்யூன் பூஞ்சை சுரக்கும் எஸ்சி3 என்ற ஹைட்ரோஃபோபின் நீரின் பரப்பு இழுவிசையை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டனிலிருந்து 24-க்குக் கொண்டுவந்துவிடுகிறது. நெதர்லாந்தில் வெஸ்ஸல்ஸும் வூஸ்டனும் இதை விரிவாக ஆராய்ந்தார்கள். நீரும் காற்றும் சந்திக்கும் பரப்பில் இந்தப் புரதங்கள் தாமே ஒரு படலமாக அடுக்கிக்கொள்கின்றன. அதன் வழியே இழை வெளியே வருகிறது. வெளியே வந்த பிறகு அதே புரதம் இழையின் மேல் பூச்சாகி, நீர் ஒட்டாமல் பார்த்துக்கொள்கிறது.

ஆஸ்பர்ஜில்லஸின் வித்துகள் மேலும் இதே வகைப் பூச்சு உண்டு, ராட்-ஏ என்று பெயர். அது இருப்பதால்தான் வித்துகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் காற்றில் பறக்கின்றன. 2009-இல் ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்யூமிகேட்டஸில் அதன் இன்னொரு முகம் தெரிந்தது. நாம் சுவாசிக்கும் அந்த வித்துகளை நம் எதிர்ப்பு மண்டலம் கவனிக்காமல் விடுவதற்கும் இந்தப் பூச்சே காரணம். பூச்சை நீக்கிய வித்துகளை உடல் உடனே அடையாளம் கண்டு எதிர்வினை செய்கிறது. வித்து முளைக்கத் தொடங்கும்போது அந்தப் பூச்சு தானாகவே கிழிகிறது. பறப்பதற்கென்று வந்த புரதம் ஒளிவதற்கும் உதவுகிறது, அவ்வளவும் வளர்ச்சி மறுபடி தொடங்கும்வரைதான்.

இதுவரை சொன்னது இணை சேராமல் உண்டாகும் பாலில்லா வித்துகளைப் பற்றி. பூஞ்சைக்கு இன்னொரு வழியும் உண்டு, இரண்டில் எதைத் தேர்வது என்பதில் வெளிச்சத்துக்குப் பெரிய பங்கு. ஆஸ்பர்ஜில்லஸ் நிடுலன்ஸை வெளிச்சத்தில் வைத்தால் பச்சை வித்துகள் அதிகம். இருட்டில் வைத்தால் கிளைஸ்டோதீசியம் என்ற உருண்டையான கனியுடல்கள் அதிகம், அவற்றுக்குள்தான் பால்வழி வித்துகள். இந்தத் திருப்பத்தின் மையத்தில் நிற்பது வி-ஏ என்ற புரதம், வெல்வெட் என்று அழைக்கப்படும் குடும்பத்தின் மூத்த உறுப்பினர். வெளிச்சத்தில் அது பெரும்பாலும் செல்திரவத்திலேயே இருக்கிறது. இருட்டானதும் உட்கருவுக்குள் போகிறது. போகும்போது வெல்-பி என்ற புரதத்தையும் கூட்டிக்கொண்டு போய், உள்ளே இருக்கும் லே-ஏ என்ற மூன்றாவது புரதத்தோடு சேர்கிறது. இந்த மூவர் கூட்டு 2008-இல் விவரிக்கப்பட்டது. சிவப்பு ஒளியை உணரும் ஃபைட்டோகுரோம் புரதம் வி-ஏயோடு நேரடியாக ஒட்டிப் பேசுகிறது என்பதும் அதே ஆண்டில் வெளியானது.

லே-ஏ அதற்கு முன்பே பிரபலம். பெனிசிலின், ஸ்டெரிக்மட்டோசிஸ்டின் போன்ற பொருள்களின் உற்பத்தியை மொத்தமாகக் கட்டுப்படுத்தும் புரதம் என்று 2004-இல் அறியப்பட்டது. மருந்தும் நஞ்சும் தயாரிக்கும் முடிவும், கனியுடல் கட்டும் முடிவும், பாலில்லா வித்து விடாமல் இருக்கும் முடிவும் ஒரே கூட்டில் எடுக்கப்படுகின்றன. வி-ஏயை நீக்கினால் கனியுடலே வராது. அதை அளவுக்கு மீறி உண்டாக்கினால், பூஞ்சை வழக்கமாகக் கனியுடல் கட்டாத திரவத்துக்குள்ளேயே அதற்கான அமைப்புகள் வரத் தொடங்குகின்றன.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. பல பத்தாண்டுகளாக ஆய்வகங்களில் பயன்படும் நிடுலன்ஸ் வகைகளில் பெரும்பாலானவை வி-ஏ1 என்ற திரிபைச் சுமப்பவை. புரதத்தின் தொடக்கத்தில் 36 அமினோ அமிலங்கள் இல்லை. அதனால் இருட்டு, வெளிச்சம் என்ற வேறுபாடு பார்க்காமல் அந்தப் பூஞ்சை பச்சையாக, சீராக வித்து விடும். தட்டுகள் அழகாக இருக்கும், எண்ணுவதும் எளிது. மரபியல் சோதனைக்கு அதைவிட வசதி வேறில்லை. ஆனால் வெளிச்சத்துக்குக் காட்டும் பதில், வேதிப்பொருள் உற்பத்தி, கனியுடல் வளர்ச்சி என எல்லாவற்றையும் அந்தத் திரிபு சாய்த்துவிட்டிருக்கும். நிடுலன்ஸ் பற்றிய எந்த ஆய்வுக் கட்டுரையைக் கையில் எடுத்தாலும் நான் முதலில் தேடுவது பயன்படுத்திய வகை எது என்ற வரியைத்தான்.

நியூரோஸ்போராவுக்குத் திரும்புகிறேன், அங்கே இணைவதின் கதை இன்னும் நுணுக்கமானது. அதில் இரண்டு இணைவகைகள் உண்டு, பெரிய ஏ, சின்ன ஏ என்று குறிப்பிடுவார்கள். ஒரு வகை சுரக்கும் சின்னப் புரத ஃபெரமோனை, அதாவது இணையை அழைக்கும் செய்திப் பொருளை, எதிர்வகையின் பெண் உறுப்பு இழை, டிரைக்கோஜைன், தன் சவ்வில் இருக்கும் ஏற்பிப் புரதத்தால் உணர்ந்து, அது வரும் திசையில் வளைந்து வளர்ந்து போய்த் தொடுகிறது. ஏற்பி இல்லாவிட்டால் டிரைக்கோஜைன் வருகிறது, ஆனால் எங்கே போவது என்று தெரியாமல் வளர்கிறது, கருவுறுதல் நடப்பதில்லை. இங்கும் இனப்பெருக்கம் என்பது நுனி வளர்ச்சிதான், திசை மட்டும் வெளியிலிருந்து வருகிறது.

ஃபெரமோனையும் ஏற்பியையும் யார் உண்டாக்குவது என்று முடிவு செய்வது இணைவகைப் புரதங்கள், டிஎன்ஏயில் உட்காரும் கட்டுப்பாட்டுப் புரதங்கள். இதே புரதங்களுக்கு இதற்கு நேர்மாறான ஒரு வேலையும் உண்டு. பெரிய ஏயும் சின்ன ஏயும் பால்வழியில் இணைந்தால் எட்டெட்டு வித்துகள் கொண்ட பைகள் கிடைக்கும். அதே இரண்டு வகைகளின் சாதாரண இழைகள் வளரும்போது சந்தித்து ஒன்றாக இணைந்தால், இணைந்த செல் செத்துப்போகும். கனியுடலுக்குள் உயிர் கொடுக்கும் அதே ஜோடிப் புரதங்கள், வளரும் இழைக்குள் ஒன்றாக இருந்தால் கொல்லுகின்றன. டால் என்ற இன்னொரு மரபணுவில் பழுது ஏற்பட்டால் இந்தச் சாவு நடப்பதில்லை, ஆனால் பால்வழி இணைப்பு வழக்கம் போல நடக்கிறது. புரதம் ஒன்றே, அது எந்தக் கட்டத்தில், எந்த இழையில் இருக்கிறது என்பதைப் பொறுத்துப் பலன் தலைகீழாகிறது.

ஒரே வகையின் இளம் முளைகள் இணைவதில் நான் நேரம் போவது தெரியாமல் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு காட்சி இருக்கிறது. அருகருகே முளைத்த இரண்டு வித்துகள், மரபுப்படி ஒன்றே, ஒன்றை நோக்கி ஒன்று வளர்கின்றன. 2009-இல் ஃப்ளைஸ்னரும் கூட்டாளிகளும் அவற்றின் நுனிகளில் மேக்-2 என்ற கைனேஸ் நொதியையும் எஸ்ஓ என்ற புரதத்தையும் ஒளிரச் செய்து பார்த்தார்கள். ஒரு நுனியில் மேக்-2 வந்து சேரும்போது எதிர் நுனியில் எஸ்ஓ இருக்கிறது. சில நிமிடங்களில் இடம் மாறுகிறது, இங்கே எஸ்ஓ, அங்கே மேக்-2. மறுபடியும் மாற்றம். தொட்டு இணையும்வரை இப்படி மாறி மாறி நடக்கிறது. இரண்டும் ஒரே சமயத்தில் செய்தி அனுப்பினால், தன் செய்தி எது, அடுத்ததின் செய்தி எது என்று பிரித்தறிய முடியாது. ஒன்று அனுப்பும்போது மற்றொன்று கேட்கிறது, அப்புறம் முறை மாறுகிறது என்பதே இதற்குத் தரப்படும் விளக்கம். மேக்-2 வேலை செய்ய முடியாதபடி தடுத்தால் இந்த ஆட்டமும் நிற்கிறது, ஒன்றை நோக்கி ஒன்று வளர்வதும் நிற்கிறது.

பால்வழி வாழ்க்கையே இல்லை என்று நெடுங்காலம் முத்திரை குத்தப்பட்ட பூஞ்சைகளும் உண்டு. ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்யூமிகேட்டஸ் அதில் ஒன்று. அதன் மரபணுத் தொகுப்பில் இணைவகைப் புரதங்களும் ஃபெரமோன் ஏற்பிகளும் கெடாமல் இருப்பது தெரிந்த பிறகு சந்தேகம் வந்தது. பயனில்லாத மரபணு இவ்வளவு காலம் பழுதாகாமல் இருப்பானேன்? 2009-இல் ஓகோர்மன், ஃபுல்லர், டயர் மூவரும் எதிர்வகைகளை ஓட்ஸ் அகாரில் ஒன்றாக விதைத்து, 30 டிகிரி செல்சியஸில், இருட்டில், ஆறு மாதம் வைத்தார்கள். கனியுடல்கள் வந்தன. அந்தக் காத்திருப்பை நினைத்தால் எனக்கு இப்போதும் மரியாதை வருகிறது. வேறு யாராவது இருந்தால் மூன்றாவது வாரத்திலேயே தட்டுகளைத் தூக்கி எறிந்திருப்பார்கள்.

2013-இல் அதே முறை பெனிசிலியம் கிரைசோஜீனத்துக்கும் பலித்தது, பெனிசிலின் தரும் பூஞ்சை அது. இங்கே இன்னொரு விஷயமும் சேர்ந்து வெளியே வந்தது. தொழிற்சாலைகளில் வளர்க்கப்படும் வகைகள் ஒரே மூதாதையிலிருந்து வந்தவை, எல்லாவற்றிலும் ஒரே இணைவகை. எதிர்வகை பக்கத்தில் இல்லாததால் அவற்றின் இணைவகைப் புரதத்துக்கு வேலை எதுவும் இல்லை என்றுதான் யாரும் நினைப்பார்கள். அந்த மரபணுவை நீக்கிப் பார்த்தபோது பல மரபணுக்களின் இயக்கம் மாறியது. பெனிசிலின் உற்பத்தி, வித்து உண்டாவது, இழையின் உருவம் என மூன்றுமே அந்தப் புரதத்தின் கட்டுப்பாட்டில் இருந்தன. பெரும் தொட்டிகளுக்குள், இணைவதற்கு எதிர்வகையே இல்லாமல் வளர்ந்துகொண்டிருந்த அந்த இழைகள் எப்படிக் கிளை விட வேண்டும், எப்படித் திரள வேண்டும் என்பதில் இனப்பெருக்கத்துக்கான புரதம் இத்தனை காலமும் கை வைத்துக்கொண்டேதான் இருந்திருக்கிறது.